விமான நிலைய வாசலிலிருந்தே பேருந்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்கு மெட்ரோ ரயில் வருமா வராதா என்ற விவாதத்தைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவிநாசி சாலையிலும் சத்தியமங்கலம் சாலையிலுமாக இரண்டு வழித்தடங்கள், சுமார் 39 கிலோமீட்டர் நீளம் என்று வகுக்கப்பட்ட அந்தத் திட்டத்தை, 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை குறிப்பிடும் 20 லட்சம் மக்கள்தொகை என்ற வரையறையைக் காட்டி மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே கோவையும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும் சேர்ந்த நகரப்பகுதியின் மக்கள்தொகை 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்பதால், அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இக்கடிதம் மெட்ரோவைப் பற்றியது அன்று. நாளைக்கே அனுமதி கிடைத்தாலும் தூண் எழுப்பித் தண்டவாளம் போட்டு ரயில் ஓடுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் முழுவதும், பீளமேட்டில் விமானத்தைவிட்டு இறங்கும் ஒருவர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ எப்படிப் போய்ச் சேர்வது என்பதைத்தான் எழுத விரும்புகிறேன்.

1940இல் தொடங்கப்பட்டு, 2012இல் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பட்ட நம் விமான நிலையத்தை இன்று ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். இது கோவை மாநகருக்கு மட்டும் உரிய நிலையம் அன்று. திருப்பூரின் பனியன் தொழில், ஈரோட்டின் மஞ்சளும் ஜவுளியும், கரூர், பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், நீலகிரி ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே வாசல். பாலக்காட்டிலிருந்தும் வருகிறார்கள். ஷார்ஜாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களில் கோட்டு அணிந்த தொழிலதிபர்களும் உண்டு. இரண்டு ஆண்டு உழைப்பை ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் கட்டடத் தொழிலாளிகளும் உண்டு. இவர்கள் அனைவரும் வெளியே வந்ததும் காணும் காட்சி ஒன்றுதான். முன்பணம் கட்டும் டாக்சி கவுன்ட்டர், செல்போன் செயலியில் அழைக்கும் கார்கள், ஆட்டோக்கள், உறவினர் ஓட்டி வந்த சொந்த வண்டிகள். பேருந்து எங்கே நிற்கும், எங்கே போகும், எவ்வளவு ஆகும் என்று சொல்லும் பலகை, டாக்சிப் பலகைகள் கண்ணில் படும் அளவுக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை.

பேருந்து இல்லாமல் இல்லை. முனையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் அவிநாசி சாலை இருக்கிறது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் அங்கே இருப்பதால் அந்த நிறுத்தத்துக்குச் சித்ரா என்று பெயர். நமக்குத் தெரியும், டெல்லியிலிருந்து முதல் முறையாக வரும் ஒருவருக்கு, சித்ரா என்ற பெயர் எழுதிய நிறுத்தம்தான் விமான நிலைய நிறுத்தம் என்று யார் சொல்வது? அந்த ஒரு கிலோமீட்டரை இழுவைப் பெட்டியோடு நடந்து கடந்தாலும் சங்கடம் தீர்வதில்லை. விமான நிலையம் அவிநாசி சாலைக்குத் தெற்கே இருக்கிறது. நகரத்திலிருந்து திருப்பூர்ப் பக்கம் செல்லும் பேருந்துகள் சாலையின் வடபுறத்தில் போகின்றன. ஆகவே திருப்பூர்ப் பக்கம் போக வேண்டியவரும், காந்திபுரத்திலிருந்து பேருந்தில் விமான நிலையத்துக்கு வருகிறவரும், மாநகரிலேயே மிகவும் பரபரப்பான சாலையை முழு அகலத்துக்கும் குறுக்கே கடந்தாக வேண்டும். சிக்னல்களை எடுத்துவிட்டு யூ டர்ன் முறைக்கு மாறிய பிறகு, வாகனங்கள் நிற்காமல் வருகின்ற இத்தகைய சாலைகளை நடந்து கடப்பது இளைஞர்களுக்கே கடினமாகிவிட்டது. முழங்கால் வலியுள்ள மூதாட்டியிடமும் கைக்குழந்தையோடு வரும் தாயிடமும் "சித்ராவுல போயி பஸ் ஏறிக்கோங்க" என்று சொல்வது வழிகாட்டுதல் ஆகாது.

இந்த நிலையில் பயணி எதைத் தேர்ந்தெடுக்கிறார்? எதிரே நிற்பதைத் தேர்ந்தெடுக்கிறார். வாய்ப்புகள் என்னென்ன என்று தெரிந்து, தன் தேவைக்கும் பணத்துக்கும் பொருந்துவதை எடுத்துக்கொண்டால்தான் அது தேர்வு. இங்கே தெரியாமையும் களைப்பும் இருட்டும் சேர்ந்து முடிவெடுக்கின்றன. அரசுப் பேருந்தின் சாதாரணக் கட்டணம் 2018 ஜனவரியில் திருத்தப்பட்டபோது கிலோமீட்டருக்கு 58 காசு என்று நிர்ணயிக்கப்பட்டது. டவுன் பஸ்ஸில் சில பத்து ரூபாயோடு காந்திபுரம் போய்விடலாம். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அதே தூரத்துக்குக் காரில் சில நூறு ரூபாய் ஆகிறது. வேறுபாடு சிலருக்குப் பொருட்டில்லை. ஷார்ஜாவிலிருந்து வரும் தொழிலாளிக்குப் பொருட்டு; திருமணத்துக்காகச் சென்னையிலிருந்து சலுகைக் கட்டணத்தில் பறந்து வரும் கல்லூரி மாணவிக்கும் பொருட்டு.

எந்த வண்டியை எடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவை நான்கு விஷயங்கள்: போகும் இடம், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, சுமை. இவற்றில் போகும் இடம்தான் முதன்மையானது. அதைத்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து "பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க" என்று சொன்னால் எல்லோரும் காந்திபுரத்துக்குத்தான் போகிறார்கள். கோவையில் பேருந்து நிலையம் ஒன்றா இருக்கிறது? மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களுக்குரியது சிங்காநல்லூர். விமான நிலையத்திலிருந்து ஹோப் காலேஜ் வந்து காமராஜர் சாலையில் திரும்பினால் நகரத்துக்குள் நுழையாமலே சிங்காநல்லூரை அடைந்துவிடலாம். பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி, உடுமலைக்கு உக்கடம். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள நிலையம். மதுரைக்குப் போகிறவர் காந்திபுரம் வரை காருக்குப் பணம் கொடுத்து, அங்கிருந்து மறுபடி சிங்காநல்லூருக்கு டவுன் பஸ் ஏறி, தான் வந்த திசையிலேயே திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திருப்பூர், ஈரோடு, சேலம் போகிறவர்களின் நிலை இன்னும் தெளிவானது. அந்தப் பேருந்துகள் காந்திபுரத்திலிருந்து புறப்பட்டு அவிநாசி சாலை வழியாகத்தான், அதாவது விமான நிலையத்தின் வாசலைத் தாண்டித்தான் கிழக்கே போகின்றன. அவற்றைப் பிடிக்கச் சாலையைக் கடந்தாக வேண்டும் என்றாலும் காந்திபுரம் வரை போகத் தேவையில்லை. எங்கும் நிற்காத ஒன் டு ஒன் வண்டிகளை விட்டுவிட்டுச் சாதாரண வண்டிகளைப் பிடித்தால் போதும். சின்னியம்பாளையம் வரை ஆட்டோவில் வந்து ஏறுவதும் உண்டு. இது தெரியாமல் பத்துக் கிலோமீட்டர் மேற்கே போய்க் காந்திபுரத்தில் இடம் பிடித்து, அரை மணி நேரம் கழித்து இறங்கிய விமான நிலையத்தையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிறவர்களின் நேரத்துக்கும் பணத்துக்கும் யார் பொறுப்பு? ரயிலில் போக எண்ணுகிறவர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். விமான நிலையத்துக்கு அருகே பீளமேடு ரயில் நிலையம் இருந்தாலும் பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை. திருப்பூர் வரைதான் போக வேண்டும் என்றால், கோவை சந்திப்புக்குப் பின்னோக்கிப் போய் ரயில் ஏறுவதைவிடச் சாலை வழியே நேராகப் போவது நல்லது. பாலக்காட்டுக்குக் காரில் போகிறவர்களுக்கு நீலாம்பூரிலிருந்து மதுக்கரை செல்லும் எல் அண்ட் டி பைபாஸ் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்குக் காளப்பட்டி, சரவணம்பட்டி, துடியலூர் வழி இருக்கிறது. இவற்றை ஓட்டுநர்கள் அறிவார்கள். பயணியும் அறிந்திருந்தால் எந்த வழியில் போகிறோம் என்று கேட்க முடியும்.

ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் கார்தான் சரி. தலைக்குப் பிரித்துப் பார்த்தால் அப்படியொன்றும் கூடுதலில்லை. தனியாக, தோளில் ஒரு பையோடு, பகல் வேளையில் வருகிறவர் பேருந்தில் போகலாம். முதியோரும் நோயாளிகளும் காரில்தான் போக வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னாட்டு விமானங்கள் பின்னிரவிலும் விடிவதற்கு முன்பும் வந்து போகும் ஊர் இது. அந்த நேரத்தில் டவுன் பஸ் கிடையாது. செல்போன் செயலியில் கார் தேடினால் பகலில் காட்டிய கட்டணத்துக்கும் அப்போது காட்டும் கட்டணத்துக்கும் தொடர்பிருக்காது. வண்டி ஒதுக்கப்பட்ட பிறகு ஓட்டுநர் அழைத்து, "எங்கீங்க போகோணும்? கேஷ்ங்களா, ஆன்லைனுங்களா?" என்று கேட்பார், பதில் பிடிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் ரத்தாகிவிடும். மீண்டும் தேட வேண்டும். கட்டணம் மீண்டும் ஏறியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் உள்ளூர் சிம் கார்டு இல்லையென்றால் அந்த வாய்ப்பும் இல்லை. என் உறவுக்காரப் பெண் ஒருவர் அதிகாலையில் வந்து இறங்கி, அடுத்தடுத்து வண்டிகள் ரத்தாகி, கடைசியில் வெளியே நின்ற ஒரு வண்டிக்காரர் கேட்ட தொகையைப் பேசாமல் கொடுத்து வீடு வந்து சேர்ந்தார். அந்தத் தொகை அவருடைய விமானக் கட்டணத்தில் கணிசமான பங்கு. பணத்தைவிட, அந்த இருட்டில் அறிமுகமில்லாத வண்டியில் ஏறியதைத்தான் அவர் வீட்டார் இன்றும் நினைத்துக் கலங்குகிறார்கள்.

மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட செயலிவழி வாகனங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கு வரை வாங்க இடமளிக்கின்றன. தகுந்த காரணமில்லாமல் ஏற்றுக்கொண்ட பயணத்தை ரத்து செய்தால் கட்டணத்தில் பத்து விழுக்காடு, நூறு ரூபாய்க்கு மிகாமல், அபராதம் என்றும் கூறுகின்றன. இவற்றை நடைமுறைப்படுத்த வேண்டியது மாநிலங்கள். அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என்று பயணிக்குத் தெரியாதபோது, இரு மடங்கு என்ற வரம்பு மீறப்பட்டதா என்பதை அவர் எப்படி அறிவார்? ஆகவே முனையத்தின் வெளிவாசலில், காந்திபுரம், ரயில் நிலையம், சிங்காநல்லூர், உக்கடம், திருப்பூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் ஆகிய இடங்களுக்குத் தோராயமான தூரம், முன்பணக் கவுன்ட்டரின் பகல், இரவுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், பேருந்து ஏறும் இடம் இவ்வளவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிய பெரிய பலகை ஒன்று வைக்கப்பட வேண்டும். முன்பணக் கவுன்ட்டரில் ரசீதும் வண்டி எண்ணும் கிடைப்பதால், இரவில் தனியாக வரும் பெண்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் யார் வண்டியில் யார் ஏறினார் என்பதற்குப் பதிவு இருக்கிறது.

ஓட்டுநர்கள் மீது எனக்குக் குறையில்லை. விமான நிலைய வாடகைக்காக மணிக்கணக்கில் காத்திருந்து, சில கிலோமீட்டர் தூரமே உள்ள ஹோப் காலேஜுக்குச் சவாரி விழுந்தால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்? போகும்போது ஆள், வரும்போது காலி. செயலி நிறுவனம் பிடிக்கும் பங்கு போக, டீசலும் கடன் தவணையும் போக, கையில் நிற்பது சொற்பம். கோவையிலேயே தொடங்கி வளர்ந்த டாக்சி நிறுவனங்கள் இங்கே உண்டு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தத் தொழிலில் பிழைக்கின்றன. பேருந்து வந்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கலாம். பேருந்தில் போகக்கூடியவர் தனியாள், சுமை குறைந்தவர். குடும்பமாக வருகிறவர்களும் பெருஞ்சுமையோடு வருகிறவர்களும் அப்போதும் காரைத்தான் எடுப்பார்கள். கால் டாக்சிக்குத் தயங்கி உறவினர் வண்டியை வரவழைக்கிறவர்கள்தாம் முதலில் பேருந்துக்கு மாறுவார்கள். நம் பக்கத்தில் ஒருவரை வழியனுப்ப ஐந்து பேர் போவது வழக்கம். அதில் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் முனைய வாசலில் சொந்தக் கார்களின் வரிசை நீண்டு, இறக்கிவிட வந்த டாக்சிகள் பின்னால் தேங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி என் முதன்மைக் கோரிக்கைக்கு வருகிறேன். முனைய வாசலிலிருந்தே புறப்பட்டு, சித்ரா, ஹோப் காலேஜ், பீளமேடு, லட்சுமி மில், காந்திபுரம் வழியாக ரயில் நிலையம் வரை செல்லும் ஒரு பேருந்துத் தடத்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் இயக்க வேண்டும். விமான நிலையப் பேருந்து என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று என்று விட்டுவிட்டுப் பிறகு "ஆள் வரவில்லை" என்று நிறுத்துவது எளிது. நூறு கிலோமீட்டர் போகிறவர் ஒரு மணி நேரம் காத்திருப்பார். பத்துக் கிலோமீட்டர் போகிறவர் காத்திருக்க மாட்டார். காத்திருக்கும் நேரம் பயண நேரத்தைவிடக் குறைவாக இருந்தால்தான் அந்தப் பேருந்து பயன்படும். நிறுத்தங்களில் நின்று போனால் ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் சற்று நின்று திரும்ப, ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நான்கு பேருந்துகள் இருந்தால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். நூற்றுக்கணக்கான பேருந்துகள் ஓடும் ஒரு மாநகரத்தில் நான்கு பேருந்துகளை ஒதுக்குவது பெரிய காரியமா?

ஆள் வருமா என்ற கேள்வியையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 30 லட்சம் பேர் என்றால் நாளொன்றுக்குச் சுமார் எட்டாயிரம். வருகிறவர்கள் மட்டும் நாலாயிரம். அவர்களில் பத்தில் ஒருவர் பேருந்தில் ஏறினால் நானூறு பேர். நாளில் ஐம்பது நடை என்றால் ஒரு நடைக்கு எட்டுப் பேர். இது குறைவுதான், விமானப் பயணிகளை மட்டும் நம்பி அந்தப் பேருந்து ஓடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமான நிலையத்தில் பயணிகளைத் தவிர யாரும் இல்லையா? துப்புரவுப் பணியாளர்கள், சுமைப் பிரிவுத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள், பாதுகாப்புப் படையினர், விமான நிறுவன ஊழியர்கள் என்று மூன்று ஷிப்டுகளில் வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தாம் தினமும் வருகிறவர்கள்; சித்ராவிலிருந்து அந்த ஒரு கிலோமீட்டரை வெயிலிலும் மழையிலும் நடக்கிறவர்கள். அதே தடத்தில் கொடிசியா வளாகத்துக்கும் டைடல் பூங்காவுக்கும் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளுக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர்களும், பீளமேட்டுக் கல்லூரிகளின் மாணவர்களும் இருக்கிறார்கள். கொடிசியாவில் புத்தகத் திருவிழாவோ தொழிற்கண்காட்சியோ நடக்கும் நாட்களில் அவிநாசி சாலைப் பேருந்துகளில் கால் வைக்க இடமிருப்பதில்லை. இவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளும் சாதாரண நகரப் பேருந்தாக இது இருக்க வேண்டுமே தவிர, விமானப் பயணிக்கென்று குளிர்சாதனமும் கூடுதல் கட்டணமுமாக ஒதுங்கி நிற்கும் வண்டியாக இருக்கக் கூடாது. பெட்டி வைக்க உள்ளே இடமுள்ள தாழ்தளப் பேருந்தாக இருந்தால் போதும்.

இரவுக்கு வேறு ஏற்பாடு தேவை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபின் காரில் போகிறவர்களுக்கு அவிநாசி சாலை பெரிதும் எளிதாகிவிட்டது. கீழேயுள்ள நிறுத்தங்களில் ஆளேற்ற வேண்டிய டவுன் பஸ்ஸுக்கு அதனால் நேரடியான பயன் குறைவு. ஆனால் பின்னிரவில் லட்சுமி மில்லிலும் பீளமேட்டிலும் ஏறுவதற்கு யார் இருக்கப்போகிறார்கள்? அந்த நேரத்தில் பன்னாட்டு விமானம் இறங்கிச் சுங்கச் சோதனை முடியும் வரை காத்திருந்து, பின்பு மேம்பாலம் வழியாக எங்கும் நிற்காமல் காந்திபுரத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் செல்லும் ஒரே ஒரு வண்டி போதுமானது. காந்திபுரத்திலிருந்து திருப்பூர், சேலம் வண்டிகள் இரவு முழுவதும் கிடைக்கின்றன. விமானம் தாமதமானால் பேருந்தும் தாமதமாகப் புறப்பட வேண்டும் என்பதே இதில் முக்கியம். அதற்கு விமான நிலைய அலுவலகமும் போக்குவரத்துக் கழகக் கிளையும் தொலைபேசியில் பேசிக்கொண்டால் போதும்.

மற்ற ஊர்களில் இது நடக்காத காரியம் அன்று. பெங்களூரில் விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. 2008இல் அது திறக்கப்பட்டபோதே மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வாயு வஜ்ரா பேருந்துகள் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கும் நகரின் பல மூலைகளுக்கும் ஓடத் தொடங்கின. இன்று வரை மெட்ரோ எட்டாத அந்த நிலையத்துக்கு நள்ளிரவிலும் பேருந்து இருக்கிறது. சென்னையில் சாலையைத் தாண்டினால் திரிசூலம் புறநகர் ரயில் நிலையம். 2016 முதல் மெட்ரோவும் விமான நிலையத்திலிருந்தே கிடைக்கிறது. நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி. சேலத்திலிருந்து நம் அவிநாசி சாலையாக வந்து பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சி செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் அந்த விமான நிலையத்துக்கு அருகிலும் போகிறது. அங்கே கேரள அரசுப் பேருந்துகள் சில நெடுஞ்சாலையைவிட்டு விலகி விமான நிலையத்துக்குள் சென்று ஆளேற்றிக்கொண்டு போகின்றன. ஆலுவா மெட்ரோ நிலையத்துக்கு இணைப்புப் பேருந்துகளும் இருக்கின்றன. ஒரே நெடுஞ்சாலையின் ஒரு முனையில் முடிகிற காரியம் இன்னொரு பகுதியில் ஏன் முடியாது? நகரப் பேருந்து தவிர, திருப்பூர், ஈரோடு வண்டிகளில் மணிக்கு ஒன்றையாவது முனைய வாசலுக்குள் வந்து போகச் செய்தால், கூடுதலாக ஆகும் பத்து நிமிடத்தில் கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதற்கும் வழி திறந்துவிடும்.

கடைசியாக, காலம் கடந்தால் சரிசெய்ய முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விமான நிலைய விரிவாக்கத்துக்காக 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டு விமான நிலைய ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் இழுபறியில் நின்று, வீடு கட்டவும் விற்கவும் முடியாமல் தவித்து, சிங்காநல்லூர், காளப்பட்டி, இருகூர், நீலாம்பூர்ப் பகுதிகளின் குடும்பங்கள் கொடுத்த நிலம் அது. அதில் எழப்போகும் புதிய முனையத்தின் வரைபடம் மேசையில் இருக்கும்போதே பேருந்துக்குரிய இடம் குறிக்கப்பட வேண்டும். கட்டடம் முடிந்தபின் எஞ்சிய மூலையில், கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் ஒரு கம்பத்தை நட்டுப் பேருந்து நிறுத்தம் என்று எழுதுவதில் பயனில்லை. பயணி வெளியே வரும் கதவிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில், டாக்சிகளுக்கு முன்னால், மேற்கூரையும் இருக்கையும் சக்கர நாற்காலி ஏறும் சரிவும் கொண்டதாக அது இருக்க வேண்டும். அவிநாசி சாலையைக் கடக்க நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ மின்தூக்கியுடன் அமைய வேண்டும். காந்திபுரம் பக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவர் சாலையின் வடபுறத்தில் இறங்கித்தான் விமான நிலையத்துக்கு வர வேண்டியிருக்கிறது என்பதை வரைபடம் போடுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த முனையத்தில் வேலைக்குப் போவார்கள். அவர்களும் அதே நிறுத்தத்தில்தான் இறங்குவார்கள்.

புதிய முனையம் வரும் வரை காத்திருக்க வேண்டாதவை மூன்று: வெளிவாசலில் கட்டணப் பலகை, நான்கு பேருந்துகள், இரவு விமானத்துக்கு ஒரு வண்டி. மாவட்ட ஆட்சியர், போக்குவரத்துக் கழகத்தின் கோவை மண்டல அதிகாரிகள், விமான நிலைய இயக்குநர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டிய விஷயங்கள் இவை. அப்பேச்சில் டாக்சி, ஆட்டோ ஓட்டுநர் சங்கங்களையும் விமான நிலையத் தொழிலாளர்களையும் அழைக்க வேண்டும் என்றும், தங்கள் நாளிதழ் இதுபற்றி அவர்களிடம் நேரில் கேட்டு அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சூலூர், கோவை மாவட்டம்.